10-க்கு 9 அறையில் சுவர்த்துணி: சின்னதாகப் பலவா, பெரிதாக ஒன்றா?

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் தனி அறை எடுத்து வாடகைக்கு இருக்கிறேன். நீளம் 10 அடி, அகலம் 9 அடி. ஒற்றைக் கட்டில், இரும்பு பீரோ, ஜன்னலோரம் மேசை. இவ்வளவுக்கே இடம் சரியாகிவிட்டது. கட்டிலை ஒட்டிய நீளச் சுவர் மட்டும் காலியாக இருக்கிறது. வெளிறிப்போன க்ரீம் டிஸ்டெம்பர், அதில் முன்பு குடியிருந்தவர்கள் ஆணி பிடுங்கிய தழும்புகள். வேலை முடிந்து ராத்திரி 9 மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். இரண்டு வருடமாக அதைப் பார்த்து மனசு சலித்துவிட்டது.

போன மாதம் ஒரு கைவினைக் கண்காட்சியில் மூன்று சுவர்த்துணிகள் வாங்கினேன். கண்ணாடித்துண்டு வைத்துத் தைத்தது ஒன்று, சணலில் செய்தது ஒன்று, யானை ஊர்வலம் அச்சடித்தது ஒன்று. எல்லாமே ஒன்றரை அடிக்குள். கையில் வைத்துப் பார்க்கும்போது மூன்றும் அழகு. சுவரில் வரிசையாக மாட்டியதும் அறை இன்னும் சுருங்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று புரியவில்லை.

என் கேள்விகள்: மூன்றையும் எடுத்துவிட்டுப் பெரிதாக ஒரே துணி போட்டால் சுவர் மேலே வந்து விழுகிற மாதிரி இருக்காதா? வீட்டுக்காரம்மா ட்ரில் போடவே கூடாது என்கிறார். ஒட்டும் கொக்கி வாங்கி ஒட்டினேன், மூன்றாம் நாள் பெயின்டைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. வேறு வழி உண்டா? கையில் 2,500 ரூபாய் இருக்கிறது.

நூல்குண்டு எழுதியது:

வீட்டு உள்வேலை செய்கிறவன் நான். இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். உங்களுக்கு வந்திருப்பது எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான்: சின்ன அறை என்றால் சின்னத் துணி. இது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

கண் விளிம்புகளில்தான் நிற்கும். மூன்று துணி என்றால் பன்னிரண்டு விளிம்பு. அவற்றுக்கு நடுவே துண்டு துண்டாகச் சுவர். ஒவ்வொரு இடத்திலும் பார்வை முட்டி நிற்பதால்தான் உங்களுக்கு நெரிசலாகத் தெரிகிறது. ஒரே துணி என்றால் நான்கு விளிம்பு. அதன் அடிப்பகுதியைக் கட்டிலுக்குப் பின்னால் இறக்கிவிட்டால் அந்த விளிம்பும் மறைந்துவிடும், மூன்றுதான் மிச்சம்.

அகலம்: கட்டிலின் நீளம் 6 அடி சொச்சம் இருக்கும். துணி அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கட்டும், நாலரை முதல் 5 அடி வரை. இரண்டு பக்கமும் வெறும் சுவர் தெரிய வேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆசை வரும், நிரப்பாதீர்கள். அந்த இடம் இருந்தால்தான் துணி மூச்சுவிடும்.

நிறம் இன்னும் முக்கியம். சுவர் மேலே விழுகிற மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் துணியின் தரை நிறம்தான், அதாவது வேலைப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் அடிநிறம்தான் காரணம். அடர் சிவப்பு, கறுப்பு, கருநீலம் மாதிரி ஆழமான தரை உள்ள துணி சுவரை முன்னால் இழுத்து வந்து நிறுத்தும். வெளிர் மஞ்சளோ பால் வெள்ளையோ தரையாக இருந்து அதன்மேல் வேலைப்பாடு ஓடினால், தரை உங்கள் க்ரீம் சுவரோடு கரைந்துவிடும், கோலம் மட்டும் தெரியும்.

வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். பழைய பெட்ஷீட்டை அந்த அளவுக்கு மடித்து எப்படியாவது அந்தச் சுவரில் இரண்டு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும், ராத்திரி கதவைத் திறந்ததும் என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். கடையில் நின்று அளவை மனசால் கணக்குப் போட யாராலும் முடியாது. என்னாலும் முடியாது, இன்றைக்கும் பெட்ஷீட்தான்.

கோமதி_நெல்லை எழுதியது:

நூல்குண்டு தம்பி சொல்வது கண்ணுக்குச் சரி. வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் அரசுக் குடியிருப்பில் இருந்தபோது கம்பளி மாதிரித் தடித்த துணியில் மான் கூட்டம் போட்ட சுவர்த்துணி ஒன்றை ஹாலில் மாட்டியிருந்தோம். சுவரோடு ஒட்டி, நான்கு மூலையிலும் ஆணி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் வெள்ளையடிக்கக் கழற்றினால் பின்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கறுப்புப் பூஞ்சணம். பல்லி முட்டை பதினைந்து இருபது. கீழ்மடிப்பில் கரப்பான் குஞ்சுகள். அந்தத் துணிக்கு ஒரு அடி தள்ளித்தான் என் சின்ன மகள் படுத்துத் தூங்குவாள். அவளுக்கு அந்த நான்கு மாதமும் விடாத இருமல். இதனால்தானா என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது இன்னும் மனசை அறுக்கிறது.

அதனால் பெரிய துணி போடுகிறவர்கள் பின்பக்கத்தை மறக்கக் கூடாது. சுவருக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி கட்டாயம் வேண்டும். நான்கு மூலையிலும் அடிக்காமல் மேலே மட்டும் தொங்க வேண்டும். வாரம் ஒரு தடவை கீழ்முனையைப் பிடித்து உதற வேண்டும். இதைச் செய்ய முடியாது என்றால் சின்னத் துணியே நல்லது.

மொட்டைமாடி தம்பி, அந்தச் சுவர் வெளிச்சுவரா? மழைக்கு ஓதம் வருமா?

மொட்டைமாடி எழுதியது:

ஆமாம் அம்மா, மேற்குப் பார்த்த வெளிச்சுவர். நவம்பர் மழையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறும். அந்த இடத்தில் பெயின்ட் பொருபொருவென்று உதிரும். வெயில் காலத்தில் சாயங்காலம் கை வைத்தால் சூடு தெரியும். துணி போட்டால் சூடாவது குறையுமா?

நூல்குண்டு எழுதியது:

கோமதி அம்மா சொன்னதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் மாட்டுவது பாதி வேலை மாதிரி.

சூடு பற்றி நேராகச் சொல்கிறேன். மெல்லிய பருத்தித் துணி மேற்குச் சுவரின் வெக்கையை அடக்காது. சுவரிலிருந்து நேரே மேலே அடிக்கிற அனல் கொஞ்சம் மறையும், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குத் தெரியும். அறை குளிர்ந்துவிடும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். எதிரொலி வேறு விஷயம். சாமான் குறைந்த அறையில் தடித்த துணி எதிரொலியைக் குறைக்கும். அதற்கும் ஜமக்காளம் மாதிரி கனம் வேண்டும், மெல்லிய துணிக்குப் பலன் குறைவு.

உங்கள் சுவரில் ஓதம் இருப்பதால் துணி சுவரைத் தொடாமல் நிற்கிற ஏற்பாடு தேவை. ஒட்டும் கொக்கியை மறந்துவிடுங்கள். டிஸ்டெம்பர் மேல் அது நிற்காது. கொக்கியின் பசை நல்ல பசைதான், ஆனால் அது பிடித்திருப்பது சுவரை இல்லை, மேலே இருக்கும் மாவு மாதிரியான பெயின்டை. அந்த ஏடு சுவரை விட்டதும் எல்லாம் விழும்.

பவானிக்கரை எழுதியது:

ஜமக்காளம் என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் குடும்பத்தில் அப்பா, பெரியப்பா எல்லோரும் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர்கள். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரு தறியில் இரண்டு பேர் அடுத்தடுத்து உட்கார வேண்டும், ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். இருவரும் ஒரே வேகத்தில் அடிக்காவிட்டால் பட்டை கோணிவிடும். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06 வாக்கிலேயே கிடைத்துவிட்டது. கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 1985 சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. அப்படியிருந்தும் வெளிமாநில விசைத்தறி விரிப்புகள் பவானி என்ற பெயரில் எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே விற்கின்றன. நெய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. வாங்குகிறவர்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ நெய்கிற வீட்டிலோ கேட்டு வாங்குங்கள்.

சுவருக்கு இதை யாரும் யோசிப்பதில்லை. நான் யோசித்தேன், என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று அகலப் பட்டைகள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடலாம். பட்டைகள் நெடுக்கே வரும்படி தொங்கவிட்டால் கூரை உயர்ந்த மாதிரி இருக்கும், குறுக்கே வந்தால் சுவர் அகலும். ஆனால் கனம். மொட்டைமாடி சாருடைய சுவருக்கு ஆணி இல்லாமல் இதைத் தாங்க வைக்க முடியாது. நூல்குண்டு சொன்ன வெளிர்த் தரைக் கணக்கிலும் இது வராது. அதனால் எங்கள் சரக்காக இருந்தாலும் இந்த அறைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். சொந்த வீடு, காய்ந்த சுவர், படிக்கட்டுப் பக்கத்துச் சுவர் என்று இருக்கிறவர்கள் யோசியுங்கள்.

சாயவேர் எழுதியது:

பட்ஜெட் 2,500, வெளிர்த் தரை, ஐந்தடி அகலம், கனம் கூடாது. இதற்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்கிறேன். சுவர்த்துணி என்று கேட்காதீர்கள், மசூலிப்பட்டினம் கலம்காரியில் ஒற்றைக் கட்டில் விரிப்பு என்று கேளுங்கள். கலம்காரி என்பது துணியில் சாயத்தால் படம் அச்சிட்டோ வரைந்தோ செய்கிற வேலை, மசூலிப்பட்டினம் ஆந்திராவில். ஐந்தடிக்கு ஏழரை அடி வரும். அந்தப் பக்கம் பெடனாவில் மரக்கட்டை அச்சில் போடுகிறார்கள். அதிலேயே மரமும் கிளையும் பறவையுமாக, நடுவில் ஒரே மரம் எழுந்து நிற்கிற வடிவம் கிடைக்கும்.

இந்த யோசனை நானாகக் கண்டுபிடித்தது இல்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது இதே மரம்தான். பலம்பூர் என்று பெயர். கட்டில் விரிப்பு என்று பொருள்படும் பலங்போஷ் என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே அதைக் கட்டிலில் விரித்தார்கள், கட்டிலைச் சுற்றித் திரையாகத் தொங்கவிட்டார்கள், சுவரிலும் மாட்டினார்கள். துவைத்தாலும் சாயம் போகாத இந்தத் துணிக்கு அவ்வளவு கிராக்கி. தங்கள் நெசவாளர்கள் பிழைப்புப் போகிறது என்று பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது, இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. அப்படித் தடை போட்டுத் தடுக்க வேண்டியிருந்த துணியை நாம் இன்று பாலியெஸ்டரில் டிஜிட்டல் அச்சாக இணையத்தில் வாங்குகிறோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஏமாறாமல் இருக்க, துணியைத் திருப்பிப் பாருங்கள். நல்ல சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும், பின்பக்கம் கொஞ்சம் மங்கலாக அதே படம் தெரியும். பின்பக்கம் வெள்ளை வெளேர் என்றிருந்தால் மேலே பூசிய அச்சு. கட்டை அச்சு என்றால் ஒரு கட்டை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் கோடு ஒரு நூல் விலகியிருக்கும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், கை வைத்த இடம் அது. ஓரத்திலிருந்து ஓரம் வரை எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

காளஹஸ்திக் கலம்காரி வேறு. அங்கே கட்டை இல்லை, மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றிச் செய்த, கலம் என்கிற எழுதுகோலால் கையால் வரைவது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருந்தால்தான் கோடு கசியாது. கறுப்புக்கு இரும்புத்துண்டையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த கரைசல், அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். சிவப்புக்குப் படிகாரம் போட்டு, பிறகு சாய வேர்ச் சாற்றில் கொதிக்க வைப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலசல், ஒரு காய்ச்சல். புதுத் துணியை முகர்ந்தாலே அந்தப் பால் வாசனை வரும். 1950-களில் இது அழிகிற நிலைக்கு வந்தபோது கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் பயிற்சி மையம் வந்து மீண்டது. நல்ல காளஹஸ்தி வேலை ஐந்தடிக்கு 2,500 ரூபாயில் கிடைக்காது, கிடைத்தால் கையால் வரைந்தது இல்லை. காசு சேர்ந்த பிறகு வாங்குங்கள், அவசரமில்லை.

திண்ணை_வாசகி எழுதியது:

கலம்காரி என்றால் ராமாயணம், கிருஷ்ணர் என்று சாமி படங்களாகத்தானே வரும்? படுக்கையறையில், அதுவும் கால் நீட்டிப் படுக்கிற இடத்தில் மாட்டலாமா? எங்கள் மாமியார் வீட்டில் ஒரு காளஹஸ்தித் துணி இதனாலேயே பத்து வருடமாகப் பீரோவில் மடித்து இருக்கிறது.

சாயவேர் எழுதியது:

உங்கள் மாமியாரின் எண்ணத்தை மதிக்கிறேன். மனசுக்கு ஒப்பாத துணியை மாட்டிவிட்டுத் தினமும் சங்கடப்படுவதில் அர்த்தமில்லை. மரம், மயில், அன்னம், பூக்கொடி என்று எத்தனையோ இருக்கிறது, படுக்கையறைக்கு அவை போதும். ஆனால் பீரோவில் மடித்தே வைப்பது அந்தத் துணிக்கு நல்லதில்லை, மடிப்பில் நூல் இற்றுவிடும். கூடத்திலோ பூஜை அறை வாசலுக்கு மேலோ ஒரு இடம் பாருங்கள். இப்போதைக்கு எடுத்துப் பிரித்து, பழைய வெள்ளை வேட்டியோடு சேர்த்துக் குழலாகச் சுருட்டி வையுங்கள்.

காவிரித்_தென்கரை எழுதியது:

சாமி துணி என்றதும் எங்கள் பக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலம்காரி என்றால் எல்லோரும் ஆந்திரா பக்கமே கைகாட்டுகிறார்கள். தஞ்சை வட்டாரத்தில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கம் நாயக்கர் காலத்திலிருந்து துணியில் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு வந்தது. கோயிலுக்குத்தான் பெரும்பாலும்: தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பை, வாசலுக்குத் தோரணம், சன்னிதிக்கு மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரி. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்குப் போன கொடாலிக் கருப்பூர் சேலையும் இந்த மண்ணின் வேலைதான், நெசவில் சரிகையும் மேலே கலம்காரியுமாக.

சின்ன அறைக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தொம்பை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். பீரோவுக்கும் சுவர் மூலைக்கும் நடுவே ஒரு முழம் இடம் சும்மா கிடக்கும் இல்லையா, அங்கே ஒரே ஒரு தொம்பை தொங்கினால் போதும், சுவரே தேவையில்லை. நான் என் தங்கைக்கு ஒன்று சொல்லிச் செய்து வாங்கினேன். அடர் சிவப்புத்தான், ஆனால் ஒடுக்கமாக இருப்பதால் அறையை அமுக்கவில்லை.

வெள்ளவத்தை_அலை எழுதியது:

வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். அஸ்மானகிரி பற்றி வாசித்ததும் நினைவு வந்தது. மெழுகு பூசிச் சாயமேற்றுகிற எங்கட பத்திக் துணிகளைச் சுவரில மட்டும் மாட்டுவதில்லை. பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் கூரை முழுக்க ஈனா டி சில்வாவின் பத்திக். சின்ன வயதில் அப்பாவோட போய் அண்ணாந்து பார்த்தபடியே நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சுவரில் இடமில்லாதவர்கள் கூரைக்குக் கட்டலாம்தானே?

பத்திக் வாங்கினால் நேர் வெயில் விழுகிற சுவரில் மாட்ட வேண்டாம். எங்கட வீட்டு விறாந்தையில் மாட்டிய நீலம் இரண்டு வருடத்தில் பாதியாய் வெளுத்துப் போச்சு.

நூல்குண்டு எழுதியது:

கூரை யோசனை கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சீலிங் ஃபேன் உள்ள சின்ன அறையில் வேண்டவே வேண்டாம். துணி தளர்ந்து இறக்கையில் சிக்கினால் ஆபத்து. அதே போல ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட், சாமி விளக்கு, கொசுவர்த்தி வைக்கிற இடம் எதன் பக்கத்திலும் துணி வரக் கூடாது. சின்ன அறையில் எல்லாமே பக்கத்தில்தான் இருக்கும், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சித்திரை_வீதி எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆச்சி போன வருடம் தவறிவிட்டார். அவருடைய மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அரக்குச் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள், மெல்லிய சரிகைக் கரை. என் அறையில் மாட்ட ஆசை. தெரிந்த தையல்காரர் மூன்றாக வெட்டிச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்கிறார். வெட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கோமதி_நெல்லை எழுதியது:

வெட்டாதே தாயி. வெட்டினால் அது துணித்துண்டு, இப்போது அது ஆச்சி கட்டின சேலை.

ஐந்தரை மீட்டர்ச் சேலையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் நாலடி அகலம், ஆறடி உயரம் வரும். முந்தி வெளியே தெரிகிற மாதிரி மடித்து ஒரு கம்பின் மேல் போட்டுவிடு. ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். கம்பு மரமாக இருந்தால் கறை இறங்கும், பழைய வேட்டித் துணியை அதில் சுற்றிவிட்டு அதன்மேல் சேலையைப் போடு. மடிப்பு ஒரே இடத்தில் விழாதபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடி. சரிகையில் பாச்சை உருண்டை படக் கூடாது, கறுத்துவிடும். வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் தொங்கவிட்டால் போதும்.

சித்திரை_வீதி எழுதியது:

நன்றி அம்மா. தையல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மொட்டைமாடி எழுதியது:

பெட்ஷீட் சோதனை செய்தேன். ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ மேல் வரை கயிறு கட்டி அதில் தொங்கவிட்டேன். நூல்குண்டு சார் சொன்னது உண்மை. அறை சுருங்கவில்லை, சுவர் பின்னால் போன மாதிரிகூட ஒரு எண்ணம் வந்தது. பழைய மூன்றையும் கழற்றிவிட்டேன்.

இப்போது எஞ்சியிருப்பது எதில் தொங்கவிடுவது என்பதுதான். வீட்டுக்காரம்மாவிடம் இரண்டே இரண்டு ஆணி என்று கேட்டுப் பார்த்தேன். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கத்தான் போகிறார், ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையில் அந்தப் பழைய சுவரில் ஆணி அடித்தால் காரை பெயர்ந்து கொட்டும், அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

கோமதி_நெல்லை எழுதியது:

கட்டிலுக்குக் கொசுவலைக் கம்பி உண்டா தம்பி?

மொட்டைமாடி எழுதியது:

உண்டு அம்மா. நான்கு கம்பி, கட்டில் காலில் செருகுகிற மாதிரி. வலை கிழிந்து போனதால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

கோமதி_நெல்லை எழுதியது:

சுவர்ப் பக்கத்து இரண்டு காலில் இரண்டு கம்பியை நிறுத்து. மேலே குறுக்காக ஒரு கம்பைக் கட்டு. துணியை அதில் போடு. கட்டிலே துணியைத் தாங்கும். சுவரைத் தொடவே வேண்டாம், ஓதமும் வராது, வீட்டுக்காரம்மாவுக்கும் பிரச்சினை இல்லை. பெருக்கும்போது கட்டிலை இழுத்தால் துணியும் கூடவே வரும், பின்பக்கத்தையும் பெருக்கிவிடலாம்.

நூல்குண்டு எழுதியது:

அம்மா, எத்தனையோ வாடகை வீடுகளில் வேலை பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. இனிமேல் என் வாடிக்கையாளர்களுக்கு உங்கள் பெயரைச் சொல்லியே இதைச் சொல்லித்தருவேன்.

தாங்குமா என்று கவலை வேண்டாம். ஐந்தடிக்கு ஏழரை அடி என்றால் கிட்டத்தட்ட மூன்றரைச் சதுர மீட்டர். நடுத்தரக் கனமுள்ள பருத்தி சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று வைத்தால் துணி மொத்தம் அரைக் கிலோ சொச்சம்தான். குறுக்குக் கம்புக்கு அலுமினியக் குழாய் எடுங்கள், இரும்பு வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். கம்பியின் உயரம் ஏழடி வரும், துணி ஏழரை. மேலே ஒரு அடியை மடித்துக் கைத்தையலாகத் தூர தூரத் தையல் போட்டு அதில் குழாயை நுழையுங்கள். வெட்ட வேண்டாம். மிச்சம் ஆறரை அடி தொங்கி, தரைக்கு அரை அடி மேலே நிற்கும். முழங்கால் உயர ஓதத்தைத் துணி தொடாமல் இருக்கிறதா என்று மட்டும் மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் அடியைச் சுருட்டி ஏற்றிவிடுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், துணி தேடி அலைந்ததில் நாளாகிவிட்டது.

மூன்று கடைகளில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முதல் கடையில் கலம்காரி என்று சொன்னது பின்னால் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. மூன்றாவதில்தான் கிடைத்தது. பால் வெள்ளைத் தரை, நடுவில் பழுப்பும் சிவப்புமாக மரம், அடியில் சின்னச் சின்ன மலைகள் மாதிரி மேடு, சுற்றிலும் பூக்கொடிக் கரை. 1,850 ரூபாய். குழாய், கயிறு எல்லாம் சேர்த்து 2,200-க்குள் முடிந்தது.

ஃபேன் போட்டால் துணி அலைந்தது. கீழ்மடிப்பில் இன்னொரு மெல்லிய குழாய் நுழைத்தேன், நின்றுவிட்டது. காலை வெயில் ஜன்னல் வழியாகத் துணியின் ஒரு மூலையில் அரை மணி நேரம் விழுகிறது. வெள்ளவத்தைக்காரர் சொன்னது நினைவு வந்து, அந்த நேரத்தில் ஜன்னல் கதவை மூடிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை இழுத்து உதறுகிறேன் அம்மா, இதுவரை ஒரு பல்லிதான் வந்தது, ஓடிவிட்டது.

யானை ஊர்வலத்தைப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டேன். மற்ற இரண்டையும் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மா ஒருநாள் வாடகை வாங்க மேலே வந்தவர், வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஆணி எங்கே அடித்தாய் என்று கேட்டுவிட்டுக் கிட்டே வந்து குனிந்து தேடினார். கம்பியைக் காட்டினேன். தன் மகள் அறைக்கும் இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார், அடுத்த ஞாயிறு போகிறேன்.

சாயவேர் சார், அந்த நூல் விலகிய இடத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். இடது பக்கக் கரையில், கீழிருந்து மூன்றாவது பூவில் கட்டை லேசாக நகர்ந்திருக்கிறது. தலையணையில் தலை வைத்துத் திரும்பினால் கண்ணுக்கு நேராக அதுதான் இருக்கிறது.